பத்திரத்தில் இல்லாத பங்கு

டீக்கடையில் டீ நன்றாக இல்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு நாள் பார்க்கிறோம். மூன்றாம் நாள் எதிர்க் கடைக்குப் போய்விடுகிறோம். கடைக்காரர் முன்னால் கூட்டமாக நின்று, "கடையை ஒழுங்காக நடத்து, முடியாவிட்டால் வேறொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போ!" என்று கோஷம் போடுவதில்லை. போட்டால் நமக்கு மூளை புரண்டுவிட்டது என்று ஜனங்கள் பேசிக்கொள்வார்கள்.

ஆனால் உலகத்தில் ஒரு வகை மனிதர்கள் இதையேதான் செய்துகொண்டிருக்கிறார்கள். கால்பந்து ரசிகர்களைச் சொல்கிறேன். தங்கள் கோஷ்டி எத்தனை தோற்றாலும் எதிர்க் கோஷ்டிக்கு மாற மாட்டார்கள். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து உள்ளே போவார்கள்; போய் உட்கார்ந்து, முதலாளியை வெளியே போகச் சொல்வார்கள். கிளப்பின் பத்திரத்தில் இவர்கள் பெயர் ஒரு மூலையிலும் இருக்காது. இருந்தாலும் சொத்துத் தகராறில் சிக்கிய பங்காளியைப் போலப் பேசுவார்கள்.

இதைப் பற்றி மங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். திருப்பூருக்கு மேற்கே நொய்யல் ஓரத்து ஊர் இது. விசைத்தறிச் சத்தமும் பனியன் கம்பெனி பஸ்களும் தவிர வேறு ஆரவாரம் அதிகம் கிடையாது. ஆனால் நம் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் பந்தாட்டச் சட்டைகளும் தைக்கிறார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சோமனூர், கருமத்தம்பட்டி வழியாகப் பஸ் ஏறிப் போனால் எட்டிவிடுகிற கோயம்புத்தூரில், 2019-ஆம் வருஷம் ஓர் அதிசயம் நடந்தது.

சென்னை சிட்டி என்று ஒரு கிளப். 1946-ல் நுங்கம்பாக்கத்தில் நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. பின்னால் பெயர் மாறி, கைமாறி, 2017-ல் ஐ-லீக் பந்தயத்துக்குள் நுழைந்தது. அடுத்த பருவத்தில் சென்னையை விட்டுக் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துக்குக் குடிவந்தது. பெயரில் சென்னை, இருப்பது கோவை. பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். கோல் போட வந்தவர் பெட்ரோ மான்சி. அந்தப் பருவத்தில் அவர் ஒருவரே 21 கோல் போட்டார்.

2019 மார்ச் 9-ஆந் தேதி கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் கோஷ்டியிடம் ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கிக்கொண்ட சென்னை சிட்டி, பிற்பாதியில் எழுந்து 3-1 என்று ஜெயித்தது. அதே நாள் கோழிக்கோட்டில் ஆடிய கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்பும் ஜெயித்தது. ஆனால் கணக்குப் பார்த்தபோது சென்னை சிட்டிக்கு 43 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை கொங்கு நாட்டில் தங்கிவிட்டது. பதினைந்து வருஷமாகத் தேசிய சாம்பியன் பட்டத்துக்குக் காத்திருந்த கல்கத்தா ரசிகர்கள் அன்றிரவு சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அன்று ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் பிறகு என்ன ஆனார்கள் என்பதுதான் கதை.

ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்த கிளப். தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வீடு வாசலை விட்டு வந்து சேர்ந்தவர்களுக்கு, இழந்த ஊரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்தக் கிளப் ஒன்றுதான் மிஞ்சியது. நமக்கும் அதில் கொஞ்சம் உறவு உண்டு. 1949 முதல் சில வருஷம் 'பஞ்ச பாண்டவர்' என்று கல்கத்தா கொண்டாடிய வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டிலிருந்து போனவர்களே.

இப்படிப்பட்ட கிளப்புக்கும் பணமுடை வந்தது. 2020-ல் ஒரு சிமெண்டு கம்பெனி, ஸ்ரீ சிமெண்ட், பெரும் பங்கை எடுத்துக்கொண்டு, பெரிய பந்தயமான ஐ.எஸ்.எல்.லில் சேர வழி செய்தது. முதற் பருவத்தில் பதினொரு கோஷ்டிகளில் ஒன்பதாவது இடம். அதற்குள் கம்பெனிக்கும் பழைய நிர்வாகிகளுக்கும் ஒப்பந்தத் தகராறு. முதலில் பேசியது வேறு, இறுதிப் பத்திரத்தில் எழுதியிருப்பது வேறு, இதில் கையெழுத்துப் போட்டால் அங்கத்தினர்களின் உரிமை பறிபோய்விடும் என்றார்கள் நிர்வாகிகள். கையெழுத்து இல்லாமல் பணம் இல்லை என்றது கம்பெனி. மாதங்கள் ஓடின. அடுத்த பருவத்தில் கிளப் ஆடுமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

2021 ஜூலை 21-ஆந் தேதி ரசிகர்கள் மைதான் வெளியில் உள்ள கிளப் கூடாரத்தின் முன் கூடினார்கள். "கையெழுத்துப் போடு, அல்லது பதவியை விட்டுப் போ" என்பது ஒரு சாராரின் கோஷம். நிர்வாகிகளுக்கு ஆதரவாக இன்னொரு சாரார். இரண்டு பக்கமும் ஒரே சிவப்பு-பொன் நிறம். கைகலப்பு மூண்டது, போலீஸ் தடியடி நடத்தியது. தலையில் காயத்தோடு போனவர்களும் உண்டு, வண்டியில் ஏற்றப்பட்டவர்களும் உண்டு. அடுத்த மாதம் 25-ஆந் தேதி முதல் மந்திரி மம்தா பானர்ஜி தலையிட்டு, அந்தப் பருவத்தில் கிளப் ஆடும் என்று அறிவித்தார்.

அதன்பின் பாலும் தேனும் ஓடியதா என்றால், இல்லை. அந்தப் பருவத்தில் 20 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் ஜெயித்து, கடைசி இடத்தைப் பிடித்தார்கள். சிமெண்டுக் கம்பெனி விலகிற்று. 2022-ல் எமாமி கம்பெனி வந்தது. 2024 ஜனவரி 28-ஆந் தேதி புவனேசுவரத்தில் ஒடிஷா கோஷ்டியை 3-2 என்று வென்று சூப்பர் கோப்பையை எடுத்தபோது, தேசிய அளவில் ஒரு கோப்பையைத் தொட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆயினும் கிளப் உயிரோடு இருந்தது. தோற்பதற்கும் உயிர் வேண்டுமல்லவா?

ஒரு புள்ளியில் ஜெயித்த நம் சென்னை சிட்டியோ, 2019 கடைசியில் ஸ்விட்ஜர்லாந்தின் பாஸல் கிளப்புக்கு 26 சதவிகிதப் பங்கைக் கொடுத்தது. ஊரெல்லாம் வியந்தது. 2020-21 பருவம் முடிந்தது. அடுத்த பருவத்து ஐ-லீக் பட்டியலில் அதன் பெயர் இல்லை. அதற்குப் பிறகு நேரு ஸ்டேடியத்தில் அந்தச் சட்டையை யாரும் பார்க்கவில்லை. சாம்பியன் ஆகி முழுசாக மூன்று வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்காக ஒரு கோஷம், ஒரு கறுப்புக் கொடி, ஒரு தடியடி என்று நான் கேள்விப்படவில்லை.

அந்த மார்ச் மாத ஆட்டத்துக்குப் போய்வந்த தையல்காரத் தம்பி ஒருவர் மங்கலத்தில் இருக்கிறார். பவர் டேபிளில் உட்கார்ந்தால் கை நிற்காது. "ஏன் தம்பி, உங்கள் கோஷ்டி காணாமல் போனதே, யாரையாவது போய்க் கேட்டீர்களா?" என்றேன்.

"ஆரைப் போயிங்க கேக்கறது? பேரு சென்னைங்க. ஆடுனது கோயமுத்தூருங்க. பங்கு வாங்குனவீங்க வெளிநாடுங்க" என்றார். கொஞ்சம் யோசித்து, "எங்கப்பாரு தறி ஓட்டுனாருங்க. கூலி ஏத்தோணும்னா ஆரு வாசல்ல போயி நிக்கோணும்னு அவீங்களுக்குத் தெரியும். இதுக்கு வாசலு எங்கீங்க இருக்குது?" என்றும் கேட்டார்.

கேள்வி என் மனசில் தைத்துவிட்டது. கூலிக்கு நெய்வதைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தறி ஒருவருடையது, பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையவை, நெய்த துணியும் அவருக்கே போகும். தறிக்காரருக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. துணியில் தமக்குப் பாத்தியதை இல்லை என்று தெரிந்தும், கூலி கட்டவில்லை என்றால் தறியை நிறுத்திவிட்டுத் தெருவில் உட்காருவார்கள். 2022-லும் 2025-லும் சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் வாரக் கணக்கில் தறிகள் நின்றன. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, பேச்சுவார்த்தைக்கு ஆள் இருந்தது, போய் நிற்க வாசல் இருந்தது.

ரசிகனின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். மைதானம் சர்க்காருடையது, பெயர் கம்பெனியுடையது, ஆட்டக்காரர் ஒப்பந்தக்காரர். கல்கத்தா மைதான் வெளிகூட ராணுவத்துக்குச் சொந்தமான நிலம். ரசிகன் போட்டது தொண்டைத் தண்ணீரும் ஞாயிற்றுக்கிழமைகளும். அதற்குக் கூலியும் கிடையாது. ஆனால் அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இருபத்திரண்டு பேரின் தேகப் பயிற்சி.

வெளிதேசத்தார் இந்த வாசலை வேறு வேறு விதமாகத் தேடியிருக்கிறார்கள். மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பை 2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி வாங்கிற்று. கடன் கிளப்பின் தலையில் விழுந்தது. கோபித்த சிலர் அந்த வருஷமே தங்களுக்கென்று ஒரு சிறு கிளப் கண்டார்கள். மற்றவர்கள் 2010-ல் பழைய பச்சையும் பொன்னும் கலந்த துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். 2021 மே 2-ஆந் தேதி மைதானத்துக்குள்ளேயே புகுந்துவிட, லிவர்பூலோடு நடக்க இருந்த ஆட்டம் தள்ளிப்போயிற்று. முதலாளிகள் அதற்கும் அசையவில்லை. விம்பிள்டனில் கிளப்பையே வேறு ஊருக்கு எடுத்துப் போக அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் 2002-ல் அடிமட்டத்திலிருந்து புதிதாகத் தொடங்கினார்கள். 2011-ல் பெரிய லீகுக்குள் வந்தார்கள். 2020-ல் பழைய தெருவுக்கே திரும்பினார்கள். ஜெர்மனியில் வாசலைச் சட்டத்திலேயே வைத்துவிட்டார்கள். சில விலக்குகள் தவிர, வாக்கில் பாதிக்கு மேல் அங்கத்தினர் கையில் இருக்க வேண்டும் என்பது 1998 முதல் அங்கே விதி. 2024-ல் லீக் நிர்வாகம் வெளி முதலீடு தேடியபோது ரசிகர்கள் மைதானத்தில் டென்னிஸ் பந்துகளை மழையாகப் பொழிந்தார்கள். பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

கோஷம் போட்டால் கோல் விழும் என்று நான் சொல்ல வரவில்லை. ரசிகர்கள் கேட்பதெல்லாம் நியாயம் என்பதும் இல்லை. கல்கத்தாவில் அவர்களே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். முதலாளி இல்லாமல் சம்பளம் கொடுப்பது எப்படி என்ற கேள்விக்கும் கோஷத்தில் பதில் கிடையாது. ஆனால் ஒரு குடும்பத்தில் சண்டை நடக்கிறது என்றால், அங்கே இன்னும் உறவினர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். சாவுக்கு அழ ஆள் இல்லாத வீட்டில்தான் சத்தம் இருக்காது.

கோயம்புத்தூரில் கால்பந்து மீண்டும் வரலாம். பெரிய பெயரும் பெரிய பணமும் வரலாம். அப்போது மான்சியைப் போல் யார் வருகிறார், எத்தனை கோல் போடுவார் என்று பத்திரிகைகள் எழுதும். அந்தத் தையல்காரத் தம்பியைப் போன்றவர்கள் முதலில் வேறொன்று கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். "ஐயா, இந்தக் கிளப்பில் பத்து ரூபாய் கட்டி நானும் அங்கத்தினர் ஆகலாமா? வருஷத்துக்கு ஒரு நாளாவது எனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? அவர் வீட்டு வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது?" என்று கேட்கட்டும். சரியான பதில் வந்தால் சட்டையை வாங்கி மாட்டிக்கொள்ளட்டும். அதைத் தைத்ததே அவராக இருந்தாலும் இருக்கும்.