ரூத் மீதியாய் வைத்த பங்கு



அங்காடிகளில் அழகிய உறைகளில் விற்கப்படும் கிரானோலாவை வசதி படைத்தோரின் காலை உணவு என்றே நாம் எண்ணுகிறோம். அதன் தொடக்கமோ நோயாளிகளின் பந்தி. 1863ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள டான்ஸ்வில் என்னும் ஊரில், ஜேம்ஸ் காலெப் ஜாக்சன் என்பவர் தமது நீர்ச்சிகிச்சை நிலையத்தில் தங்கியிருந்தோருக்காக அதன் முன்னோடியை உருவாக்கினார். தவிடு நீக்காத கோதுமை மாவைப் பிசைந்து சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டார்கள். கிரானுலா என்று பெயரிடப்பட்ட அவ்வுணவு மிகவும் கடினமாயிருந்ததால், இரவிலேயே ஊறவைத்துக் காலையில் உண்ண வேண்டியிருந்தது. பின்னர், பேட்டில் கிரீக் நகரில் அட்வெந்து சபையாரின் சுகவாச நிலையத்தை நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக் அதைப் போன்ற ஒன்றைச் செய்தார். பெயரைக் குறித்துத் தகராறு எழவே, அதைக் கிரானோலா என மாற்றினார்.

எங்கள் குருமனையில் மாதம் இருமுறை, சனிக்கிழமை மாலையில், என் மனைவியும் நானும் இதைச் செய்கிறோம். மூன்று கப் ஓட்ஸ், ஒரு கப் உடைத்த வேர்க்கடலையும் பாதாமும், கால் கப் வெள்ளரி விதை, சிறிது பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. கால் கப் தேங்காய் எண்ணெயையும் கால் கப் தேனையும் இளஞ்சூட்டில் கலந்து, இவற்றோடு பிசறித் தட்டில் மெல்லியதாகப் பரப்புவோம். ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய அரைமணி நேரம். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை கிளற வேண்டும். இல்லையேல் ஓரங்கள் கருகும், நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். வெளியே எடுக்கும்போது அது மெத்தென்றுதான் இருக்கும். ஆறும்போதே மொறுமொறுப்பு வரும். உலர்திராட்சையை ஆறிய பின்பே சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால் சூட்டில் இறுகிக் கசந்துவிடும். சர்க்கரை நோயுள்ளவர்களுக்குத் தேனும் சர்க்கரையே என்பதால், அவர்கள் பங்கைத் தனியே, தேனையும் திராட்சையையும் வெகுவாகக் குறைத்துச் செய்கிறோம்.

காற்றுப் புகாத புட்டியில் இரண்டு வாரம் கெடாதிருக்கும். ஆகவே, தனியே வாழும் முதியோருக்கு ஏற்றதென்று எண்ணி, வீடு சந்திப்பின்போது எடுத்துச் செல்லத் தொடங்கினோம்.

நம் சபையில் கணவரை இழந்த தாயார் ஒருவர் காலையில் கடுங்காப்பியோடு மாத்திரைகளை விழுங்கிவிட்டு மதியம்வரை இருந்துவிடுவார். கேட்டதற்கு, "எனக்கு ஒருத்திக்காக எதுக்கு ஐயா அடுப்பைப் பத்த வைக்கணும்?" என்றார். அடுப்பே வேண்டாம் அம்மா, வெதுவெதுப்பான பாலை ஊற்றிக் கால்மணி நேரம் ஊறவிட்டால் பல்லுக்கும் இதமாயிருக்கும் என்று சொல்லி, பிளாஸ்கில் கொண்டுபோன பாலையும் ஒரு புட்டியையும் கொடுத்து வந்தோம். அடுத்த முறை சென்றபோது புட்டி திறக்கப்படாமல் அலமாரியில் இருந்தது. "யாராவது வந்தா கொடுக்கலாம்னு வச்சிருக்கேன்," என்றார்.

அந்த ஒரு வாக்கியம் பல நாள் என்னோடிருந்தது. அவர் வீட்டில் குறைவாயிருந்தது உணவு அன்று. உடன் உண்ண ஓர் ஆள். அன்று என் மனைவி அப்புட்டியைத் திறந்து மூன்று கிண்ணங்களில் இட்டார். மூவரும் உண்டோம். அவர் தம் கிண்ணத்தை வழித்து உண்டார். இப்போது நம் பெண்கள் ஐக்கியத்தார் முறைவைத்து, வாரத்தில் மூன்று காலைகள் அவரோடு உட்காருகிறார்கள்.

ரூத்தின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். போவாஸ் கொடுத்த வறுத்த தானியத்தை ரூத் திருப்தியாய் உண்டாள். மீந்ததை வைத்திருந்து, மாலையில் நகோமிக்குக் கொடுத்தாள். அத்துடன் முடியவில்லை. இன்று எங்கே கதிர் பொறுக்கினாய் என்று நகோமி கேட்க, ரூத் அன்றைய நாளை அவளுக்கு விவரித்தாள். தன் வாழ்வு கசந்துபோயிற்று என்று ஊராரிடம் சொன்ன நகோமியின் வாயிலிருந்து அந்த மாலையில்தான் ஆசீர்வாதத்தின் வார்த்தை பிறக்கிறது. தானியம் பசியை ஆற்றியது. அருகிலிருந்த மருமகளின் பேச்சு அவள் தனிமையை ஆற்றியது.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டில் கிரானோலாவோ, சத்துமாவோ, அவலோ எதைச் செய்தாலும், ஒரு பங்கை மீதியாய் வையுங்கள். உங்கள் தெருவில் தனியே இருப்பவரிடம் அதை எடுத்துச் செல்லுங்கள். வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். அவர் உண்டு முடிக்கும்வரை உடனிருங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.