சாந்தோ டொமிங்கோ: எல் கோந்தே தெருவில் கிழக்கு நோக்கி

டொமினிக்கன் குடியரசின் தலைநகரான சாந்தோ டொமிங்கோவில் எல் கோந்தே என்றொரு தெரு. மேற்கு முனையில் பழைய கோட்டை வாசல், கிழக்கு முனையில் ஓசாமா ஆறு. இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். வண்டிகள் வராத தெரு, நடப்பவர்களுக்கே உரியது. யுனெஸ்கோ 1990இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பழைய நகரம் இதன் இரு பக்கமும் விரிந்து கிடக்கிறது.

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஆற்றுப் பக்கமிருந்துதான் நுழைகிறார்கள். சுற்றுலாக் கப்பல்கள் நிற்பது அங்கே. கொலம்பஸின் மகன் கட்டிய மாளிகை இருப்பதும் அங்கே. நான் சொல்வது அதற்கு நேர் எதிர். மேற்கிலிருந்து தொடங்குங்கள். இந்த ஊரைத் தங்கள் ஊராக மீட்டுக்கொண்டவர்களை முதலில் பார்த்துவிட்டு, பிடுங்க வந்தவர்களைக் கடைசியில் பார்த்தால்தான் எது எதன்மேல் நிற்கிறது என்பது புரியும்.

மேற்கு முனையில் நிற்பது புவெர்தா தெல் கோந்தே என்னும் வாசல். 1655இல் பெரும் கப்பற்படையோடு வந்த ஆங்கிலேயர்களை விரட்டியடித்த ஆளுநர் பெனால்வா பிரபுவின் நினைவாக வாசலுக்கும் தெருவுக்கும் இந்தப் பெயர். இங்கே தோற்ற பிறகுதான் அந்தப் படை ஜமைக்காவைப் பிடித்தது. 1844 பிப்ரவரி 27ஆம் தேதி இரவு, 22 ஆண்டு ஹைட்டி ஆட்சியிலிருந்து விடுதலை என்று அறிவித்ததும் இதே வாசலில்தான். விடுதலைக்குத் திட்டமிட்ட ஹுவான் பாப்லோ துவார்த்தே அன்று நாடு கடத்தப்பட்டு வெளியே இருந்தார். அவருடைய தோழர்கள் சான்செஸும் மேயாவும் களத்தில் நின்றார்கள். மூவரும் இன்று வாசலுக்குப் பின்னாலுள்ள பூங்காவில் ஒரே நினைவிடத்தில் துயில்கிறார்கள். நாட்டின் சாலைகளுக்கெல்லாம் தூரம் அளப்பதும் இந்தப் பூங்காவிலிருந்துதான்.

வாசலைத் தாண்டியதும் தெரு கடைத்தெருவாகிவிடுகிறது. செருப்புக் கடை, துணிக்கடை, கைபேசிக் கடை, ஹைட்டி பாணி ஓவியங்களைச் சுவரோரம் சாத்தி வைத்திருப்பவர்கள். பழுப்பு அம்பரும் வெளிர்நீல லாரிமாரும் விற்கும் கடைகள் ஏராளம். லாரிமார் உலகத்தில் இந்த ஒரு நாட்டில் மட்டுமே, பரகோனா மலைப்பகுதியில் கிடைக்கும் கல். அம்பர் வாங்குவதென்றால் ஒரு தம்ளர் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அசல் மிதக்கும், பிளாஸ்டிக் பெரும்பாலும் மூழ்கும். கடைவாசல்களில் பட்டையும் வேரும் அடைத்த கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக நிற்கும். அது மாமாஹுவானா, அந்தப் பட்டைகளின் மேல் ரம், சிவப்பு ஒயின், தேன் மூன்றையும் ஊற்றி ஊறவைத்துக் குடிப்பார்கள்.

இந்தக் கடைகளுக்கிடையே தலை நிமிர்ந்து பார்க்க வேண்டிய ஒரு கட்டடம் உண்டு: கொப்பேயோ கட்டடம். தேர்தலில் வென்று வந்த அதிபர் ஹுவான் போஷை 1963இல் இராணுவம் கவிழ்த்தது. அவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று 1965 ஏப்ரலில் மக்களும் படையில் ஒரு பகுதியினரும் எழுந்தார்கள். கர்னல் பிரான்சிஸ்கோ கமானோ தலைமையிலான அவர்களுடைய அரசு இந்தக் கட்டடத்திலிருந்துதான் இயங்கியது. அமெரிக்கா 20,000க்கும் மேற்பட்ட படையினரை இறக்கியது. பழைய நகரத்தின் குறுகிய தெருக்கள் மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தன. பயணிகளுக்கான கையேடுகளில் இதற்குக் கிடைப்பது ஒரு வரி. என் கணக்கில் எல் கோந்தேயின் மிகப் பெரிய நாட்கள் இவை.

பசித்தால் பக்கத்துத் தெருவுக்குத் திரும்பி, கொல்மாதோ என்னும் மூலைக்கடை ஒன்றில் காசாபே கேளுங்கள். மரவள்ளிக் கிழங்கு ரொட்டி. கசப்பு மரவள்ளியில் நஞ்சு உண்டு. கிழங்கைத் துருவி, ஓலையில் பின்னிய நீண்ட பையில் அடைத்துத் தொங்கவிட்டு, நஞ்சுச் சாறு சொட்டுச் சொட்டாக வடியும்வரை பிழிந்து, எஞ்சிய மாவைச் சூடான கல்லில் வட்டமாகப் பரப்பிச் சுடுவது இத்தீவின் ஆதிக்குடிகளான தைனோக்களின் கைவேலை. சுட்டது தடித்த அப்பளம்போல மொறுமொறுவென்று இருக்கும், மாதக்கணக்கில் கெடாது. கோதுமை இங்கே விளையாததால் ஸ்பானியர்கள் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு போனதும் இதைத்தான். யாரை ஒடுக்கினார்களோ அவர்களுடைய ரொட்டியைத் தின்றுதான் அடுத்த நாடுகளைப் பிடிக்கப் போனார்கள். நம் ஊர் மரவள்ளிக்கும் தாய்மண் இதே கண்டத்தின் தெற்குதான். காசாபே செய்யும் மரபு 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சிமெண்டில் பதித்த எந்தப் பலகையையும்விட தைனோக்களை உயிரோடு காட்டுவது இந்த ரொட்டி.

இன்னும் கிழக்கே போனால் தெருவின் தென்புறம் திறந்துகொண்டு கொலம்பஸ் பூங்கா வரும். மர நிழல், புறாக்கள். நடுவில் 1887இல் வைத்த கொலம்பஸ் வெண்கலச் சிலை. அவர் வடக்கே விரல் நீட்டி நிற்கிறார். பீடத்தைச் சற்று நின்று பாருங்கள். ஒரு தைனோப் பெண் அதில் ஏறி, அவருடைய புகழை எழுதிக்கொண்டிருக்கிறாள். அது அனகவோனா என்பார்கள். ஹரகுவா பகுதியின் தலைவி, பாடல் புனைந்தவள். அவளுடைய மக்களை ஆளுநர் நிக்கோலாஸ் தே ஒவாந்தோ கொன்று குவித்தார், அவளைத் தூக்கிலிட்டார். அப்படிப்பட்டவளைக் கொலம்பஸின் காலடியில் எழுதவைத்த இந்தச் சிலையைக் காணக் கோபம்தான் வருகிறது.

பூங்காவின் தெற்கே பேராலயம். 1540 வாக்கில் கட்டி முடித்தது, புதிய உலகின் முதல் பேராலயம். பவளச் சுண்ணாம்புக் கல்லின் மஞ்சள் நிறம் காலை வெயிலில் மிக அழகு. முழங்காலை மறைக்கும் உடையில் போங்கள். 1586இல் ஆங்கிலேயக் கப்பற்படைத் தலைவர் பிரான்சிஸ் டிரேக் இந்த ஊரைப் பிடித்து, தெருத்தெருவாக எரித்து, 25,000 டுகட் பொற்காசு வாங்கிக்கொண்டுதான் போனார். 1877இல் இந்தப் பேராலயத்தைப் பழுதுபார்த்தபோது கொலம்பஸ் பெயர் பொறித்த ஈயப்பெட்டி எலும்புகளோடு கிடைத்தது. அது இப்போது ஆற்றுக்கு அப்பாலுள்ள கலங்கரை விளக்க நினைவகத்தில் இருக்கிறது. ஸ்பெயினின் செவில்யா பேராலயமோ அவர் எலும்பு எங்களிடம்தான் என்கிறது.

எல் கோந்தே கடைசியாகச் சந்திப்பது லாஸ் தாமாஸ் தெருவை. 1502இல் ஒவாந்தோ நகரத்தைக் கிழக்குக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு மாற்றியபோது போட்ட தெரு. வலப்பக்கம் ஓசாமா கோட்டை. இடப்பக்கம் போனால் நாட்டுத் தலைவர்கள் துயிலும் தேசிய நினைவாலயம், 1753இல் வைத்த சூரியக் கடிகாரம், முடிவில் கொலம்பஸின் மகன் தியேகோவின் மாளிகை. மாளிகை அறைகளைச் சுற்றிப் பார்க்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே தியேகோவின் கரும்பு ஆலையில்தான் 1520களின் தொடக்கத்தில் கிறிஸ்துமஸ் விழாக் காலத்தில் ஆப்பிரிக்க அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அமெரிக்கக் கண்டங்களில் பதிவான முதல் அடிமைக் கிளர்ச்சிகளில் ஒன்று அது.

லாஸ் தாமாஸைக் கடந்ததும் எல் கோந்தே கல்படிகளாக இறங்கித் துறைமுகச் சாலையில் முடிகிறது. எதிரே ஓசாமா. அந்தச் சாலைக்கு இன்று கமானோவின் பெயர்.

ஆற்றோரமாகத் தெற்கே கடல்வரை போனால், மெக்சிகோ அன்பளிப்பாகத் தந்து 1982இல் திறந்த மாபெரும் சிலை நிற்கிறது. வாயருகே கையைக் குவித்துக் கடலை நோக்கிக் கூவும் துறவி அந்தோனியோ தே மொந்தெசீனோஸ். 1511 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தியேகோவும் அதிகாரிகளும் அமர்ந்திருக்கும்போதே, தைனோக்கள் மனிதர்கள் இல்லையா, எந்த நியாயத்தில் அவர்களை வதைக்கிறீர்கள் என்று பிரசங்க மேடையிலிருந்து கேட்டவர். சொன்னதைத் திரும்பப் பெறு என்று மடத்துக்கே வந்து மிரட்டினார்கள். அடுத்த ஞாயிறு இன்னும் கடுமையாகப் பேசினார். அந்தப் பிரசங்கத்தை நமக்கு எழுதி வைத்தவர் பார்த்தலோமே தே லாஸ் காசாஸ். அவரே தைனோக்களை வேலைவாங்கிப் பிழைத்தவர், 1514இல்தான் அவர்கள்மேல் தமக்கிருந்த உரிமையைக் கைவிட்டார். அதே ஆண்டு எடுத்த கணக்கில் தீவு முழுவதும் எஞ்சியிருந்த தைனோக்கள் சுமார் 26,000 பேர்.

நேரம் குறைவாக இருந்தால் தியேகோவின் மாளிகையை விட்டுவிடுங்கள். மொந்தெசீனோஸைப் பார்க்காமல் மட்டும் ஊர் திரும்பாதீர்கள்.