செஞ்சோற்றுக் கடனும் கறுப்புக் கொடியும்

கம்பராமாயணத்திற் கும்பகருணன் போர்க்களம் புகும் பகுதியைச் சென்ற தவணையில் மேல்வகுப்பு மாணவர்க்குக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பிறன்மனை நயந்தது பிழையென்று சபையில் அண்ணனுக்கு இடித்துரைத்தவன், அந்த அண்ணனுக்காகவே உயிரைக் கொடுக்கப் புறப்படுகிறான். செஞ்சோற்றுக் கடன் என்னும் தொடரை நான் சற்று உருக்கமாகவே விளக்கிவிட்டேன் போலும். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, பிழையென்று தெரிந்தும் போனவனை நாம் ஏன் புகழவேண்டும்? சோறு போட்டவன் சொன்னால் எதையும் செய்யலாமா?" என்று வினவினான்.

"இது பரீட்சைக்கு வராது, இரு தம்பி" என்றேன்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த மறுமொழி என்னை உறுத்திக்கொண்டே வந்தது. விடை தெரியாமையை ஒப்புக்கொள்வது ஆசிரியனுக்கு இழுக்கன்று. கேள்வியை அமர்த்திவிடுவதே இழுக்கு. மறுநாள் அவ்வகுப்பிற் பாடநூலை மூடிவைத்துவிட்டு, கபர் காசிம் என்ற ஊரின் கதையைச் சொன்னேன்.

இஸ்ரேல் நாட்டிலே அரபு மக்கள் வாழும் ஊர் அது. 1956ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி, சினாய்ப் போர் தொடங்கிய அன்றைக்கு, அப்பகுதிக் கிராமங்களுக்கு மாலை 5 மணி முதல் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. (ஊரடங்கு என்றால் என்னவென்று நம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை.) 5 மணிக்குப் பின் வீட்டுக்கு வெளியே காணப்படுவோரைச் சுடவேண்டும் என்பது எல்லைக்காவற் பொலிசாருக்கு இடப்பட்ட கட்டளை. சட்டத்தை அறியாமல் வேலைத்தலத்திலிருந்து திரும்புவோரை என் செய்வது என்று கேட்கப்பட்டபோது, "அல்லா அவர்கள்மீது இரங்கட்டும்" என்பதே மேலிடத்து விடையாயிற்று. நம் பழைய விதானையாரைப் போன்ற ஊர்த்தலைவருக்கு இச்செய்தி 4.30 மணிக்குத்தான் எட்டியது. எத்தனையோ பேர் வெளியே தொழிலுக்குப் போயிருக்கின்றனர், அரை மணி நேரத்தில் அவர்களுக்கு எவ்வாறு அறிவிப்பது என்று அவர் முறையிட்டும் பயனில்லை. துவிச்சக்கரவண்டிகளில் வந்தவர்களும், ஒலிவம் பறித்துவிட்டு லொறியில் ஏறிவந்த பெண்களும், சிறுவருமாக ஊர்வாயிலிலேயே சுடப்பட்டனர். மாண்டோர் தொகை 49 என்று அவ்வூரார் நினைவுகூருகின்றனர். அதிற் பிறவாத சிசுவொன்றும் அடங்கும்.

வழக்கு நடந்தது. மேலதிகாரியின் கட்டளைக்குப் பணிந்தோம் என்பதே எதிரிகளின் வாதம். 1958இல் தீர்ப்பளித்த நீதிபதி பெஞ்சமின் ஹலேவி அவ்வாதத்தை ஏற்றாரல்லர். (பின்னர் 1961இல் ஐக்மனை விசாரித்த மூவருள் இவரும் ஒருவர்.) கட்டளையிற் சட்டப்பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு போர்வீரனும் ஆராய்ந்துகொண்டிருந்தால் படை என்பதே இராது, அதை அவரும் அறிவார். ஆயின் சில கட்டளைகள் உண்டு. அவற்றின் பிழையைக் காணச் சட்டநூலைப் புரட்டவேண்டியதில்லை. "செய்யாதே" என எச்சரித்துக்கொண்டு அவற்றின்மேல் ஒரு கறுப்புக் கொடி பறக்கும். கண் குருடாகாதவனுக்கு, நெஞ்சு கல்லாகாதவனுக்கு அது தெரியும் என்பது அவர் கருத்து. அத்தகைய கட்டளைக்குப் பணியாதிருப்பது உரிமை மட்டுமன்று, கடமையுமாம், பணிந்தவன் குற்றவாளியாவான்.

இது எட்டாத நாட்டுச் செய்தியென்று ஒதுக்கிவிடுதற்கில்லை. 1971 ஏப்ரலிற் கதிர்காமத்திலே பிரேமவதி மனம்பேரி என்ற இளம்பெண் இராணுவத்தினராற் சுடப்பட்ட வழக்கிலும் மேலிடத்துக் கட்டளை என்ற அதே வாதம் எழுந்தது. மேன்முறையீட்டில் நம் நாட்டு நீதிமன்றும் 1973இல் அதனை ஏற்கவில்லை.

எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. இருபது வயதுப் பையன், கையிற் துவக்கு, அருகே அதிகாரி. மறுத்தாற் தண்டனை, பணிந்தாலும் தண்டனை. நீதிபதிக்கு மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது, அவனுக்கோ கணப்பொழுது. நாற்காலியில் அமர்ந்து அவனை நியாயந்தீர்ப்பது நமக்கு எளிதன்றோ? இத்தயக்கத்தைத் தீர்த்தவை அயலூர்கள். அதே மாலையில், அதே கட்டளை பெற்ற வேறு கிராமங்களில் நின்ற அதிகாரிகள், பிந்தி வந்தவர்களைச் சுடாமல் வீடுசெல்ல விட்டனர். அவர்களும் அதே படையினர்தாம். அவர்களுக்கும் கணப்பொழுதுதான் கிடைத்தது.

கதை இவ்வளவில் முடிந்திருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும். எண்மர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, ஒருவருக்கு 17 ஆண்டுவரை சிறை விதிக்கப்பட்டது. ஆயினும் தண்டனைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1960ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அனைவரும் வெளியே வந்துவிட்டனர். அப்பகுதிக்குப் பொறுப்பாயிருந்த கேணல் தனியே விசாரிக்கப்பட்டார், கொலைப்பழி நீங்கியது. அதிகாரத்தை மீறி ஊரடங்கு விதித்ததற்காக 10 புரூட்டா தண்டம். ஒரு பவுணின் நூறிலொரு பங்கு அது. இதைச் சொன்னபோது வகுப்பிற் சிலர் சிரித்தனர். கேள்வி கேட்ட மாணவன் சிரிக்கவில்லை.

"கும்பகருணனுக்கு அந்தக் கொடி தெரிந்ததா, ஐயா?" என்றான்.

"தெரிந்தது. மற்றவர்க்கும் தெரியும்படி சபையிற் சுட்டிக்காட்டியவனே அவன்தான்."

அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தவணைப் பரீட்சையிற் கும்பகருணனின் பெருமையை விளக்குக என்ற வினாவுக்கு, முழுப்பக்கம் எழுதவேண்டிய இடத்தில் அரைப்பக்கமே எழுதியிருந்தான். எஞ்சிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். நான் புள்ளியைக் குறைக்கவில்லை.