பந்து உருளாத தெருக்கள்

சென்ற கோடை விடுமுறைக்கு என் பேரன் பெங்களூரிலிருந்து போடிக்கு வந்திருந்தான். வயது பத்து. பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளிவந்தது ஐரோப்பியக் கால்பந்துக் கழகம் ஒன்றின் சட்டை. அக்கழகத்து ஆட்டக்காரர் அனைவரின் பெயரும் அவனுக்கு மனப்பாடம். மறுநாள் மாலை, கொட்டகுடி ஆற்றை ஒட்டிய வெற்றிடத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்த இடத்திற்கு அவனை அழைத்துச் சென்றேன். பந்து அவன் காலடிக்கு உருண்டு வந்தது. ஓங்கி உதைத்தான், கால் காற்றில் வீச, அவன் மண்ணில் விழுந்தான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

வீடு திரும்புகையில், "தாத்தா, எங்கள் குடியிருப்பில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள்" என்றான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. வேறு எந்த ஊர்ப் பிள்ளையானாலும் நான் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். பெங்களூர்ப் பிள்ளைக்கா இந்த நிலை!

1969-ஆம் ஆண்டுக் கோடையில், எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, அந்நகரை முதன்முதலாகக் கண்டேன். என் மாமா போடியிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்று, அங்கே ஓர் ஆலையில் பணியாற்றி வந்தார். அவர் குடியிருந்த அல்சூர்ப் பகுதியில் மாலை நான்கு மணிக்குமேல் தெருவில் நடப்பதே கடினம். எங்கு திரும்பினாலும் பந்து. அதன் பின்னே வெறுங்காலுடன் ஓடும் சிறுவர். அவ்வாண்டு மைசூர் மாநில அணி சந்தோஷ் கோப்பையை வென்றிருந்தது. 1946, 1952, 1967 ஆகிய ஆண்டுகளின் போட்டிகளை அடுத்து அது நான்காவது வெற்றி. தேநீர்க் கடையிலும் கோவில் வாசலிலும் அதே பேச்சுத்தான்.

மாமா கதை சொல்வதில் வல்லவர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பாசறைத் திடலில் ஆடிய ஆட்டத்தை வேலியோரம் நின்று பார்த்த ஏழைப் பிள்ளைகள், அதைத் தமதாக்கிக்கொண்ட வரலாற்றை அவர் வாயால் கேட்க வேண்டும். கண்டோன்மென்ட் பகுதியில் தமிழர் மிகுதி. ஆதலால் அவ்வீரர்களுள் நம்மவரும் பலர். 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் நம் நாடு பிரான்சிடம் 2-1 என்று தோற்றது. இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அதுவே. அதே அணியில் ஆடிய அகமது கானும் தன்ராஜும் பின்னர்க் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் 'பஞ்ச பாண்டவர்' என்று புகழப்பெற்ற ஐவருள் இருவர். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியப் பொற்பதக்கம் வென்ற அணியிலும் பெங்களூரின் அருமைநாயகம் இருந்தார்.

அத்தகைய நகரின் அணி அடுத்த முறை சந்தோஷ் கோப்பையைக் கையில் ஏந்தியது எப்போது? 2023 மார்ச்சில், ரியாத் நகரில், மேகாலயாவை 3-2 என்று வென்றபோதுதான். இடையில் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் உருண்டோடிவிட்டன.

ஆர்வம் குன்றிவிட்டதா என்றால், இல்லை. அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரேசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசில் வீரர் பெலேயின் சிலையையும் மக்கள் நிறுவியிருக்கிறார்கள். 2013-இல் தோன்றிய பெங்களூரு கால்பந்துக் கழகத்தின் ஆட்டங்களுக்குக் கூட்டம் திரண்டு வருகிறது. ஆயினும் களத்தில் ஆடுவோருள் அந்நகரின் தெருக்களில் வளர்ந்தவர் மிகச் சிலரே. அன்பு இருக்கிறது, விளைச்சல் இல்லை. இது ஏன்?

முதலாவது, இடம். பந்து உருண்ட வெற்றிடங்களில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. தெருக்களை ஊர்திகள் நிறைத்துவிட்டன. இரண்டாவது, சோறு. அன்று விமான ஆலை, தொலைபேசி ஆலை போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் நல்ல ஆட்டக்காரருக்கு வேலை கொடுத்து, பயிற்சிக்கு நேரமும் கொடுத்தன. 'ஒழுங்காகப் பந்தாடினால் ஆலையில் வேலை கிடைக்கும்' என்று தாய்மார்கள் சொன்ன காலம் அது. 1990-களுக்குப் பின் அந்த வாயில் குறுகிற்று. மூன்றாவது, பணம். இன்று செயற்கைப் புல்தரைக்கு மணிக்கணக்கில் வாடகை. பயிற்சிக் கூடங்களுக்கு மாதக் கட்டணம். ஏழைப் பிள்ளையின் ஆட்டமாக இருந்தது, வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக மாறி வருகிறது.

மற்றொன்றையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று கல்கத்தா, ஐதராபாத், பெங்களூர் எனச் சில நகரங்களே முன்னணியில் நின்றன. இன்று மணிப்பூரும் மிசோரமும் எழுந்துவிட்டன. மற்றவர் வளர்ந்ததால் நாம் சிறுத்துத் தோன்றுவதும் உண்டு.

ஆனால் அந்த மிசோரமே நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. அதன் தலைநகரான ஐசால், போடிமெட்டுக்கு மேலுள்ள ஏலமலைச் சரிவுகளைப் போன்ற இடம். சமதரை கிடைப்பதே அரிது. அந்த ஊரின் கழகம் 2017-இல் அகில இந்திய ஐ-லீக் பட்டத்தை வென்றது! 2012 முதல் அவர்கள் தமக்கென ஒரு போட்டித் தொடரைக் கட்டி வளர்த்தார்கள். ஆகவே இடமில்லை, பணமில்லை என்பவை மட்டும் முழு விடை ஆகா. பிள்ளை ஆடுவதை ஊரும் வீடும் விரும்ப வேண்டும்.

இங்கேதான் நான் என் குற்றத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1997-இல் என் மகன் பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். நல்ல ஆட்டக்காரன். மாவட்ட அணித் தேர்வுக்கு அவனை அழைத்திருந்தார்கள். நான் ஆசிரியன், மதிப்பெண்ணைத் தவிர வேறொன்றையும் மதிக்க அறியாதவன். "பந்து சோறு போடுமா?" என்று கேட்டு, அவனுடைய பூட்ஸைப் பிடுங்கிப் பரணில் போட்டேன். அன்று மாலையே தனிப்பயிற்சி வகுப்பில் சேர்த்தேன். அவன் எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. படித்தான், பெங்களூரில் கணினித் துறையில் வேலை பெற்றான், எங்களை நன்றாகவே வைத்திருக்கிறான். ஆனால் அதன்பின் அவன் பந்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. தான் ஒருகாலத்தில் ஆடியதை அவன் தன் மகனிடம் சொன்னதுகூட இல்லை என்பதை இந்த விடுமுறையில்தான் அறிந்தேன்.

நாட்டில் வீரர்கள் குறைந்தார்கள் என்று அரசையும் சங்கங்களையும் நோகிறோம். அவற்றிலும் குறை உண்டுதான். ஆனால் எத்தனை வீடுகளின் பரணில் இப்படிப்பட்ட பூட்ஸ் கிடக்கின்றனவோ!

பேரனை அழைத்துச் செல்ல மகன் வந்த அன்று, அவனைத் தனியே அழைத்து, "அன்றைக்கு நான் செய்தது தவறப்பா" என்றேன். அவன் சற்று நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீங்கள் பயந்தீர்கள் அப்பா. இப்போது எனக்கும் அதே பயம்தான். சனிக்கிழமை அவனுக்குக் கணித வகுப்பு இருக்கிறது" என்றான். நான் மேலே ஒன்றும் வற்புறுத்தவில்லை.

அதற்குள் பேரன் மூன்று வாரம் எங்கள் தெருப் பிள்ளைகளோடு ஆடிப் பழகியிருந்தான். முழங்காலில் இரண்டு காயம்; முகத்தில் நான் அதுவரை காணாத ஒளி. அதை அவன் தந்தையும் கண்டிருக்க வேண்டும். சென்ற மாதம் தொலைபேசியில் பேசியபோது, சனிக்கிழமை வகுப்பை மாலைக்கு மாற்றிவிட்டதாகவும், காலை ஆறு மணிக்குத் தகப்பனும் பிள்ளையுமாக ஒரு பள்ளித் திடலுக்குப் போய்வருவதாகவும் மகன் சொன்னான். "அவனைவிட எனக்குத்தான் அதிகம் மூச்சு வாங்குகிறது அப்பா" என்று சிரித்தான்.

என் பேரன் பெரிய வீரன் ஆவான் என்று நான் கனவு காணவில்லை. ஆயிரம் பிள்ளைகள் மகிழ்ந்து ஆடினால்தான் அவர்களிடையே ஒரு ராமனோ ஓர் அருமைநாயகமோ தோன்றுவான். மற்றத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும் நல்ல உடலும் தோல்வியைத் தாங்கும் மனமும் பெறுவார்கள். அதுவும் சிறிய ஆதாயமன்று.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இன்று மாலை பந்தோடு வாசலில் நின்றால், ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பாடப்புத்தகம் எங்கும் ஓடிப்போகாது.