சங்கிலி அறுந்தது என்று எழுதிய கதை

மெல்பேணில் வாழும் என் பள்ளித்தோழன் ஒருவன், ஓய்வுபெற்ற கையோடு பாய்ப்படகு ஒன்றை வாங்கியிருக்கிறான். மனைவியையும் ஏற்றிக்கொண்டு என்றாவது ஒருநாள் திருகோணமலையில் வந்து இறங்குவானாம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் சிறு பயணத்திலேயே வாந்தி எடுத்தவன் அவன். இருந்தாலும் ஆசைக்கு யார் அணைபோட முடியும்?

சென்ற மாதம் சில படங்களை அனுப்பியிருந்தான். நங்கூரச் சங்கிலியை இறங்குதுறைப் பலகையில் பாம்புபோல் வளைத்து வளைத்துப் பரப்பிவிட்டு, தூரிகையும் கையுமாகக் குந்தியிருக்கிறான். ஐம்பது மீற்றர் நீளம், பத்து மில்லிமீற்றர் தடிப்பு, நூறு கிலோவுக்கு மேல் நிறை. பத்து மீற்றருக்கு ஒரு நிறமாகப் பூசிக்கொண்டிருந்தான். படங்களின் கீழே ஒரு கேள்வி: “நீ கடலைப் பற்றியெல்லாம் எழுதியவன்தானே, இந்தச் சாமான்களுக்குத் தமிழில் என்ன பெயர்?”

நான் கடலைப் பற்றி எழுதியது உருப்படியாக ஒரே ஒருமுறைதான். அதிலும் பிழைவிட்டேன். அந்தப் பிழையை இதுவரை எங்கும் ஒப்புக்கொண்டதில்லை.

2006 டிசெம்பர் மாதம். கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் செய்தி மேசையில் நான் இருந்தேன். இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்குப் பதினாலாயிரம் தொன் அரிசியுடன் சென்றுகொண்டிருந்த ‘ஃபரா 3’ என்ற ஜோர்தானியக் கப்பல், இயந்திரம் பழுதாகி முல்லைத்தீவுக் கடலில் தத்தளித்து, ஈற்றில் கரைதட்டியது. அது வாடைக்காற்றின் காலம். அக்காலத்தில் அந்தக் கரையோரத்தில் காற்றும் அலையும் கரையை நோக்கியே தள்ளும். ஒதுங்குவதற்கு ஒரு குடாவோ முனையோ கிடையாது. இயந்திரம் இல்லாத கப்பலுக்கு அங்கே மிஞ்சியிருப்பது நங்கூரம் ஒன்றுதான்.

கப்பலில் இருந்த 25 பேரும் கிளிநொச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டனர். கரைதட்டும் ஆபத்திலிருந்து மாலுமிகளைத் தாங்களே மீட்டதாக விடுதலைப் புலிகள் கூறினர். கொழும்பு வந்துசேர்ந்த மாலுமிகளோ, கப்பலைக் கைவிடும்படி தாங்கள் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டதாகக் கூறினர். இரண்டு கதைகளுக்கும் நடுவே, கடலுக்கடியில், ஒரு சங்கிலி கிடந்தது.

நான் எழுதிய முதற் பிரதியில் ‘நங்கூரம் விடுபட்டதால்’ என்றொரு தொடர் இருந்தது. மூத்த ஆசிரியர் ஒருவர் சிவப்புப் பேனையால் அதை வெட்டி, ‘நங்கூரம் அறுந்ததால்’ என்று திருத்தினார். “இதுதான் தம்பி பாதுகாப்பு” என்றார். காரணத்தை அவர் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அறுந்தது என்ற வினைக்கு எழுவாய் நங்கூரம், மனிதன் இல்லை. வெட்டினார்கள் என்றாலும் கழற்றினார்கள் என்றாலும் ‘யார்?’ என்ற கேள்வி உடனே எழும். யார் என்று எழுதிய பலர் உயிரோடு இல்லாத காலம் அது. நானும் தலையாட்டினேன். செய்தி மறுநாள் அப்படியே வெளிவந்தது.

அன்று மத்தியானமே தொலைபேசி அழைப்பு வந்தது. வல்வெட்டித்துறையைச் சேர்ந்த முதியவர். சரக்குக் கப்பல்களில் நெடுங்காலம் வேலைசெய்து ஓய்வுபெற்று வெள்ளவத்தையில் மகளுடன் இருந்தார்.

“தம்பி, நங்கூரம் அறுந்தது எண்டு எழுதியிருக்கிறியள். நங்கூரம் எப்படியப்பா அறும்? அறுகிறதெண்டால் சங்கிலிதான் அறும். சரி, எத்தினை ஷாக்கிள் வெளியில கிடந்தது?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “தெரியாது ஐயா” என்றேன்.

“அதைக் கேக்காமல் எப்படி எழுதினீர்?”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேடிப் போனேன். வல்வெட்டித்துறையார் கடலைப் பற்றிப் பேசினால் மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதுதான் முறை. அவ்வூர்க்காரர் ஓட்டிச்சென்ற ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போயிருக்கிறது. இவரோ கதை எதுவும் சொல்லாமல் வாசற்கேற்றைப் பூட்டும் சங்கிலியை எடுத்துவந்து மேசையில் போட்டுப் பாடம் தொடங்கினார்.

கப்பற்சங்கிலி ஒரே நீளமாக வருவதில்லை. பதினைந்து பாகம், அதாவது ஏறத்தாழ இருபத்தேழரை மீற்றர் கொண்ட துண்டுகளாக வரும். அந்த அளவுக்குப் பெயர் ஷாக்கிள். துண்டுகளைப் பொருத்துகிற கழற்றக்கூடிய வளையத்துக்கும் அதே பெயர்தான். ஒவ்வொரு பொருத்துக்கும் இருபுறமும் வெள்ளைப் பூச்சு உண்டு. முதற் பொருத்தென்றால் இரு பக்கமும் முதல் வளையம் வெள்ளை, இரண்டாவதென்றால் இரண்டாம் வளையம், இப்படியே போகும். வெள்ளை வளையத்தில் கம்பியும் சுற்றியிருப்பார்கள். ஏன் கம்பி என்று கேட்டேன். “இருட்டில கண்ணுக்கு என்ன தெரியும்? கையால தடவிப் பார்க்கத்தான்” என்றார்.

சங்கிலியைப் போதியளவு நீளமாக விட்டால், அதன் நிறையே அதைக் கடலடியில் கிடத்திவைக்கும். இழுப்பு கிடையாக வரும். நங்கூரம் மண்ணைக் கவ்விப் பிடிக்கும். குறைவாக விட்டால் இழுப்பு மேல்நோக்கி வரும். நங்கூரம் பெயர்ந்து மண்ணை உழுதுகொண்டே வரும். அதற்குப் பெயர் இழுபடுதல். எத்தனை ஷாக்கிள் என்று அவர் கேட்டது அதனால்தான். முழுவதையும் விட்டும் போதாமல் கப்பல் ஆபத்தில் இருக்கிறதென்றால், சங்கிலியை அடியோடு விட்டுவிட்டு ஓடவும் வழி உண்டு. சங்கிலி அறையில் கடைசி வளையத்தைப் பிடித்திருக்கும் ஊசியை அறைக்கு வெளியில் நின்றே தட்டிக் கழற்றலாம். அறைக்குள் நின்று கழற்றப் போனவனைச் சங்கிலி அள்ளிக்கொண்டு போய்விடும்.

“ஆகவே தம்பி, இழுபடலாம், அறலாம், வெட்டலாம், கழற்றி விடலாம். முதல் ரெண்டும் கடல் செய்யிறது. மற்ற ரெண்டும் மனிசன் செய்யிறது. உம்மட பேப்பர் கடலிலை பழியைப் போட்டிட்டுது.”

திருத்தம் ஒன்று போடலாம் என்று மூத்தவரிடம் கேட்டேன். என்னவென்று போடுவது என்று அவர் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. வேறொரு வினைச்சொல்லை வைக்க என்னிடம் ஆதாரம் இல்லை; இருந்த சொல்லுக்கும் ஆதாரம் இல்லை. அது அச்சான பின்னரே எனக்கு அது தெரிந்தது. எத்தனை ஷாக்கிள் என்று அந்த மாலுமிகளிடம் கேட்டிருக்கலாம்; கொழும்பில்தானே நின்றார்கள். கேட்கவில்லை. அடுத்த வாரம் வேறு செய்திகள் வந்தன, அவற்றிலும் எழுவாய் இல்லாத வினைகள் நிறைய. ஷெல் விழுந்தது. ஆட்கள் காணாமற் போயினர். வீடுகள் சேதமடைந்தன.

கப்பல் அங்கேயே நின்றது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் கரையிலிருந்து வெளிவந்த படங்களில், தறப்பாள் கூடாரங்களுக்கும் மக்களுக்கும் பின்னால் அந்தத் துருப்பிடித்த உடலைக் கண்டவர்கள் இருப்பீர்கள். போர் முடிந்து பாதை திறந்தபின் நானும் போனேன். தெற்கிலிருந்து வந்த பயணிகள் அதன்முன் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் முன்புறத்தில் நங்கூரத் துவாரத்தைத் தேடினேன். துருவும் நிழலும் ஒன்றாய்க் கலந்திருந்தன. பிறகு கப்பலைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்பாகக் கொண்டுபோய்விட்டார்கள்.

நண்பனின் கேள்விக்கு என்னால் இயன்றவரை பதில் எழுதினேன். இணைப்பு, குறி, சங்கிலி அறை, கடைமுனை என்று எளிய சொற்களே போதும் என்றேன். பழைய சொந்தக்காரர் இரண்டு துண்டுகளை நடுவில் ஒரு பிளவு வளையத்தால் இணைத்து ஆணி அறைந்திருக்கிறாராம். அது சங்கிலியளவு வலுவானதல்ல, ஒரே நீளமாக வாங்கிவிடு என்று துறைமுகத்தில் சொல்கிறார்களாம். சாதாரண ஷாக்கிள் சுருட்டுப் பொறியின் பள்ளங்களில் ஓடாது. இன்னொரு தொல்லை, சங்கிலி அறைக்குள் கூம்பாகக் குவிந்து, அலையில் சரிந்து, தன்மேல் தானே விழுந்து சிக்கிக்கொள்கிறதாம். அறை ஒடுங்கி ஆழமாக இருந்தால் நல்லது. இவனுடையது அகலமாய்ப் போயிற்று. கடைமுனையை மட்டும் சரியாகச் செய்திருக்கிறான். இரும்பை இரும்போடு பூட்டாமல், மேற்தளம்வரை எட்டும் நைலோன் கயிறால் கட்டி, பக்கத்தில் ஒரு கத்தியும் தொங்கவிட்டிருக்கிறான்.

இதை எழுதுவதற்கு முன் ஒருமுறை முல்லைத்தீவுக் கரைக்குப் போனேன். கண்ணாடியிழைப் படகொன்றின் அருகே, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் புதிய நங்கூரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கட்டடக் கம்பியை வளைத்து ஒட்டிய நாலு கொழுக்கி நங்கூரம், அதிலிருந்து இரண்டு பாகம் சங்கிலி, பிறகு கயிறு. பத்துப் பாகத்துக்கு ஒரு துணித்துண்டு முடிந்திருந்தார். சங்கிலியில் கயிறு உராயும் இடத்தில் குழாய்த்துண்டு செருகியிருந்தார். மிச்சக் கயிறு வாய் வெட்டிய பிளாஸ்ரிக் கானுக்குள் சுருள் சுருளாக இறங்கியது. கடைமுனை அணியத்தில்.

“பழைய நங்கூரம் எங்கே?” என்று கேட்டேன்.

“கல்லுக்குள்ள மாட்டிப்போச்சு ஐயா. காத்தும் மாறிட்டுது.”

“கயிறு அறுந்துவிட்டதா?”

“இல்லை ஐயா,” என்றார், கையிலிருந்த முடிச்சை இறுக்கிக்கொண்டே. “நான்தான் வெட்டினனான்.”