அந்த விடை சரிதான், தம்பி



நேற்று பத்தாம் வகுப்பு படிக்கும் பேத்தி கணக்கு நோட்டோடு வந்தாள். (2, 3), (6, 11) என்ற புள்ளிகள் வழியே செல்லும் நேர்கோட்டின் சாய்வு காண வேண்டும். ஒய் வித்தியாசத்தை எக்ஸ் வித்தியாசத்தால் வகுத்தால் போதும். 11 − 3 = 8; 6 − 2 = 4; சாய்வு 2. அதாவது, எக்ஸ் 1 நகர்ந்தால் ஒய் 2 ஏறும்.

அவளோ திருப்பிப் போட்டிருந்தாள். 3 − 11 = −8; 2 − 6 = −4. வகுத்தால் அதே 2.

எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்கு முன், கணக்கு ஆசிரியர் இல்லாததால், ஆசிரியர் பயிற்சி மட்டுமே முடித்த நான் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். ஒரு பையன் பரீட்சையில் இப்படித்தான் எழுதியிருந்தான். தப்புப் போட்டுவிட்டேன்.

"விடை சரியாத்தானே சார் வருது?" என்றான்.

"சூத்திரத்தை மாத்தாதே, உட்கார்" என்றேன்.

உண்மையில் எனக்கும் சூத்திரம் மனப்பாடம்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லக் கூச்சம்.

எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும் சரி. மேலும் கீழும் ஒரே வரிசையில் கழிக்க வேண்டும். மேலே 11 − 3, கீழே 2 − 6 என்று கலந்தால்தான் −2 வரும். ஏறும் கோடு இறங்கும் கோடாகிவிடும்.

தம்பி, இதைப் படித்தால் தெரிந்துகொள்: நீ செய்தது சரி. அன்று உன்னை உட்கார வைத்ததற்கு சாரை மன்னித்துவிடு.