காணாமல் போனது லேப்டாப்தான்

எங்கள் அலுவலகத்தில் லேப்டாப் நான்கு, ஆட்கள் ஒன்பது பேர். மயிலாப்பூர் சந்து ஒன்றில், மாடியில் ஒரே அறை. யாருக்கு வேலை வருகிறதோ அவர் எடுத்துப்போவார், முடிந்ததும் கொண்டுவந்து வைப்பார். ஒரு திங்கட்கிழமை காலை மூன்றுதான் இருந்தன.

வெறும் மெஷின் போயிருந்தால் பணத்தோடு போகட்டும் என்று விட்டிருப்போம். அதில் ஒரு வன்கொடுமை வழக்கின் சாட்சிகள் சொன்னதெல்லாம் இருந்தது. பெயர், தெரு, இப்போது யார் வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்பது வரை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைத்துவைக்க வழி தருகிறது. ஊர் ஊராகப் போய் அந்தப் பிரிவை விளக்குகிறவர்கள் நாங்கள். அதே முகவரிகளை, பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டிய லேப்டாப்பில் வைத்திருந்தோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

விண்டோஸில் இருக்கும் 'ஃபைண்ட் மை டிவைஸ்' வசதியை நல்லவேளையாக முன்பே போட்டிருந்தோம். பெரும்பாலான லேப்டாப்களில் ஜிபிஎஸ் கிடையாது. சுற்றியுள்ள வைஃபைகளை வைத்துத்தான் இடத்தைக் கணிக்கும். மேப்பில் தி.நகர் மேல் ஒரு வட்டம் விழுந்தது. பனகல் பார்க், உஸ்மான் ரோடு எல்லாம் அதற்குள். அதுவும் சனிக்கிழமை மாலை கடைசியாக இணையத்தில் இருந்த இடம்தான். தீபாவளி நேரத்தில் உஸ்மான் ரோட்டில் நடந்தவர்களுக்கு அந்த வட்டத்தின் பயன் புரியும்.

மேப் சொல்லாததை நாங்கள் இட்டு நிரப்பினோம். "சனிக்கிழமை கடைசியா பூட்டுனது நீதானம்மா?" கண்ணகி நகரிலிருந்து வரும் இளம் தோழரிடம் இதை இரண்டு முறை கேட்டோம். அடையாறிலிருந்து வருகிறவர்களிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நகரத்துக் குடிசைகளை இடித்து, மக்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம் கண்ணகி நகர். அந்த முகவரியைச் சொன்னாலே சந்தேகப்படுகிறார்கள் என்று மேடையில் பேசியதும் நாங்கள்தான்.

செவ்வாய் மதியம் எங்களில் மூத்த தோழருக்கு ஞாபகம் வந்தது. அவர்தான் எடுத்திருக்கிறார். தி.நகரில் ஒரு கடையில் உட்கார்ந்து மனு அனுப்பிவிட்டு, அடையாறில் வக்கீல் ஆபீசிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். அவரிடம் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலைக் கூட்டத்தில் ஒருவர், எல்லோர் போனிலும் லொகேஷன் ஆப் போட்டுவிடலாம் என்றார். அந்த இளம் தோழர் எழுந்தார்.

"காணாம போனது லேப்டாப்தானே தோழர்? என்னை எதுக்குத் தேடணும்? சண்டிகர்ல துப்புரவுத் தொழிலாளிங்க கையில ஜிபிஎஸ் வாட்ச் கட்டுனப்ப நாம என்ன பேசுனோம்?"

நாக்பூரிலும் பஞ்ச்குலாவிலும்கூட அப்படிக் கட்டினார்கள். வேலை நேரத்தில் தொழிலாளி எங்கே நிற்கிறார் என்று மாநகராட்சி திரையில் பார்த்தது. குப்பை அள்ள கையுறை வந்ததா என்று காட்ட அந்தத் திரையில் இடமிருக்கவில்லை. சண்டிகரில் தொழிலாளிகள் எதிர்த்துப் போராடினார்கள்.

ஆப் யோசனை அதோடு நின்றது. இப்போது கதவோரம் ஒரு நோட்டு தொங்குகிறது. லேப்டாப் எண், எடுத்தவர், எங்கே கொண்டுபோகிறார், எப்போது திரும்பும், கையெழுத்து. மூத்தவர்களுக்கும் விலக்கில்லை. ஹார்ட் டிஸ்க்குகளைக் குறியாக்கம் செய்துவிட்டோம். சாட்சிகளின் முகவரிகள் இனி வெளியே போகிற எந்த லேப்டாப்பிலும் இருக்காது.

அந்தத் தோழரிடம் மன்னிப்புக் கேட்டோம். அதையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினோம்.